வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம்: காரியம் கெடுவது கேஷுவாலிட்டி தாளில்

எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா, 2025 மே மாதம் தளம் போடும் இடத்தில் மதியம் இரண்டரை மணிக்கு ஜல்லிச் சட்டியோடு சரிந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் அடித்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நான்காம் நாள் உயிர் போய்விட்டது. மருத்துவமனை கொடுத்த தாளில் மரணக் காரணம் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று இருந்தது. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று அர்த்தம். சாகிற எல்லோருக்கும் அதுதானே நிற்கிறது? ஏன் நின்றது என்பதைத்தானே எழுதியிருக்க வேண்டும்? அந்த ஒரு வரியால் அவர் கணவர் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார் என்பதைக் கூடவே போய்ப் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் சுருக்கமாக இதுதான். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. அப்போது வெப்ப அலை மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் இல்லை. அந்த நிதியில் 10 சதவீதம் வரை மாநிலமே அறிவித்துக்கொள்ளும் பேரிடர்களுக்குச் செலவழிக்கலாம், அந்த வழியில் வருகிற பணம் இது. இதற்கு மேல் அரசாணையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. இறப்புக்கான காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவர் சொல்ல இரண்டு விஷயம் வேண்டும். உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 40 செல்சியஸை, எட்டியிருக்க வேண்டும். அதோடு மயக்கம், வலிப்பு, பிதற்றல் என்று நினைவு தடுமாறியிருக்க வேண்டும். கொண்டு வந்த உடனே ஐஸ் வைத்து, குளிர்ந்த சலைன் ஏற்றி உடம்பைக் குளிர வைப்பார்கள். அதுதான் உயிரைக் காப்பாற்றும், அதை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கச் சொல்லாதீர்கள். ஆனால் குளிர வைத்த பிறகு எடுக்கிற டெம்பரேச்சர் 101 தான் காட்டும். முதலில் பார்த்த அளவை யாரும் எழுதாமல் விட்டால், அது ஹீட் ஸ்ட்ரோக்தான் என்று பிறகு காட்டுவது பெரும்பாடு. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உள் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும் என்பதும் உண்டு. அதனால் கூடப் போகிறவர் ஒருவர், ஒரே ஒருவர், "டெம்பரேச்சர் எவ்வளவுங்க, சீட்டில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். 108-ல் போனால் அந்த வண்டியிலும் ஒரு தாள் எழுதுவார்கள், அங்கேயும் இதையே கேளுங்கள். எத்தனை மணிக்கு, எந்த வெயிலில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதை அட்மிஷன் போடுகிற மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்க நேரமும் இருக்காது.

இன்னொன்று. வெயிலில் விழுந்தவருக்கு நாக்கு குழறும், எதையாவது உளறுவார். ஆண் என்றால் பாதி இடத்தில் 'குடித்திருக்கிறார்' என்று நினைத்துவிடுவார்கள், ஏ.ஆர். சீட்டிலும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவுத் தாள்) அப்படியே ஏறிவிடும். குடிக்காதவர் என்றால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். வியர்த்திருக்கிறதே, இது வெயில் தாக்கம் இல்லை என்று சொல்பவர்களையும் பார்த்தேன். உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுகிறவருக்கு உடம்பு நனைந்தே இருக்கலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருக்கிற இடம். ஹீட் ஸ்ட்ரோக்கில் எல்லோரும் அன்றே இறப்பதில்லை. தசை சிதைந்து, கிட்னி நின்று, கல்லீரல் கெட்டு, ரத்தம் உறையும் தன்மை மாறி, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ போய்விடுகிறார்கள். அதற்குள் வார்டு மாறியிருக்கும், டூட்டி மருத்துவர் மாறியிருப்பார். கடைசியாகப் பார்த்தவர் கண்ணில் பட்டது கிட்னி ஃபெயிலியர், அவர் அதை எழுதிவிட்டுப் போய்விடுவார். மரணக் காரணச் சான்றிதழ் படிவத்தில் கடைசியாக வந்த காரணம், அதற்கு முந்தையது, எல்லாவற்றுக்கும் தொடக்கமான அடிப்படைக் காரணம் என்று அடுத்தடுத்து வரிகள் இருக்கின்றன. அந்த அடிப்படைக் காரணத்தில்தான் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்று வர வேண்டும். உடலை வாங்கும் முன் அந்தத் தாளைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அழுகைக்கு நடுவில் இதைக் கேட்பது கொடுமை என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோ சங்கத்துக்காரரோ கேட்கட்டும்.

இங்கே பலர் ஏமாறுவது எப்படி என்றால், நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ வாங்கிய இறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறார்கள். அதில் காரணமே இருக்காது. காரணத்தைக் குறிப்பிடக்கூடாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்று. 2023-ல் திருத்திய சட்டப்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், அதன் நகலை நெருங்கிய உறவினரிடம் தந்தாக வேண்டும். "அதெல்லாம் பதிவாளருக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள். அது பதில் இல்லை. கேஸ் ஷீட் (உள்ளே இருந்த நாட்களின் சிகிச்சைக் குறிப்பு) நகலும் கேளுங்கள், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள், மனு கொடுத்துச் சீல் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியிலேயே உயிர் போயிருந்தால் 'இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று எழுதுவார்கள். அப்போது போலீசில் புகார், போஸ்ட்மார்ட்டம் என்று போகும். உடம்பை அறுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், அது அவர்கள் மனசு. ஆனால் எந்தத் தாளும் இல்லாமல் எடுத்து அடக்கம் செய்துவிட்டால் இந்தப் பணத்துக்கு வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். போஸ்ட்மார்ட்டத்தில் ஹீட் ஸ்ட்ரோக்குக்கு என்று தனி அடையாளம் எதுவும் தெரியாது, சூழ்நிலையை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே புகாரில் 'திடீரென மயங்கி விழுந்தார்' என்று மட்டும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எழுதவிடாதீர்கள். வெயில், இடம், நேரம், செய்த வேலை நான்கும் வேண்டும். 'ஸ்ட்ரோக்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், பக்கவாதம் என்று எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் தாலுகா ஆபீஸ். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், அங்கிருந்து கலெக்டர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு. வாரிசுச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள், இ-சேவையில் முதல் வாரமே போட்டுவிடுங்கள், ஆதாரில் ஒரு பெயர் ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்றால் அதிலேயே ஒரு மாதம் போகும். எங்களிடம் அங்கே கேட்டது: "அன்னிக்கு வெப்ப அலைன்னு அறிவிச்சாங்களா?" இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள். வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வெப்ப அலை, இல்லையென்றால் நேராக 45-ஐத் தொட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியும் அதே 4.5 கூடுதலும். அதுவும் இரண்டு நிலையங்களிலாவது இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், இரண்டாம் நாள்தான் அறிவிப்பார்கள். இயல்பே 38, 39 என்று இருக்கிற ஊரில் 42.5, 43.5 என்று தொட்டால்தான் கணக்கில் வரும். கான்கிரீட் தளத்தின் மேல் நிற்கிறவர் 41-லேயே விழுந்துவிடுகிறார். உங்கள் ஊருக்குப் பக்கத்து வானிலை நிலையத்தின் அந்த வார அளவுகளையும், அந்த நாட்களில் வந்த வெயில் எச்சரிக்கைகளையும் அன்றே சேமித்து வையுங்கள். வாயால் 'அறிவிப்பு இல்லை' என்று திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள், மனுவை வாங்கி எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் கொடுத்த மனு கொடுக்காத மனுதான். ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஆபீஸ் வாசலில் ஒருவர் வருவார். இதற்குக் கட்டணமே கிடையாது.

தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அந்த உதவிக்குத் தனி மனு, இதோடு கலக்காதீர்கள்.

அந்த அக்காவின் கேஸ் ஷீட்டை எழுதிக் கொடுத்துக் கேட்டோம், பதினோராம் நாள் கிடைத்தது. மருத்துவர் எழுதிய முதல் பக்கத்தில் 'மயக்கம், வலிப்பு' என்று இரண்டே சொல். டெம்பரேச்சர் கட்டம் காலி. புரட்டிக்கொண்டே போனால், நர்ஸ் நிரப்புகிற சார்ட்டில், மூக்குப்பொடி நிறத்தில் மங்கிய தாளில், 3.10 மணிக்கு நேராகச் சிவப்பு மையில் 105.8 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் 'ஐஸ் பேக்'. அந்த நர்ஸ் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனுவோடு கொடுத்தோம். இறப்பின் அடிப்படைக் காரணம் ஹீட் ஸ்ட்ரோக் என்று கடிதம் வர இரண்டு மாதம் ஆனது. இப்போது ஃபைல் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. அந்த அக்காவின் கணவர் திங்கட்கிழமை தவறாமல் போய்வருகிறார்.