உடன்தொற்று: ஒரு சொல் விளக்கம்

எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் மருந்து சிகிச்சையான ஏ.ஆர்.டி.யைத் தரும் மையங்களில் 'கோ-இன்ஃபெக்‌ஷன்' என்னும் சொல் அன்றாடம் புழங்குகிறது. ஒருவருடைய உடலில் ஒரே காலத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ நோய்க்கிருமிகள் குடியிருப்பதை அது குறிக்கும். எது முதலில் வந்தது, எதனால் எது வந்தது என்பதை அச்சொல் கூறுவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய பிறகு தலைதூக்கும் 'சந்தர்ப்பவாதத் தொற்று' வேறு; அதையும் இதையும் ஒன்றாக எழுதுவது பிழை.

'இன்ஃபெக்‌ஷன்' என்பதன் வேர், சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள்படும் 'இன்ஃபிகேரே' என்னும் இலத்தீன் வினை. தமிழின் 'தொற்று' அப்படிப்பட்டதன்று. இடுப்பில் ஏறிய குழந்தையும் தொற்றிக்கொள்கிறது, நெரிசலான பேருந்தின் படியில் நிற்பவரும் தொற்றிக்கொள்கிறார். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த நாள்தொட்டு எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சுமந்துவரும் பழியை எண்ணும்போது, நம் சொல்லில் கறை என்னும் பொருள் இல்லாதது எனக்குப் பெரும் ஆறுதல்.

'கோ' என்னும் முன்னொட்டுக்குக் கூட்டு, இணை, உடன் என மூன்றும் வழங்குகின்றன. ஏ.ஆர்.டி.யையே 'கூட்டு மருந்து சிகிச்சை' என்று சொல்லிப் பழகியவர்களிடம் 'கூட்டுத்தொற்று' குழப்பத்தை உண்டாக்கும். பலருக்கு ஒருசேரப் பரவியது என்றும் பொருள்படும். 'இணைத்தொற்று' தவறில்லை, ஆயினும் இரண்டே கிருமிகள் என்ற எண்ணத்தைத் தரும். உடன்பிறப்பு, உடன்பயணி என்பவற்றில் உள்ள 'உடன்' எண்ணிக்கையையும் வரிசையையும் சுட்டாததால் 'உடன்தொற்று' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இந்நிலை அரிதானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது 27 இலட்சம் பேர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் கொண்டவர்கள். ஹெபடைடிஸ் சி உடன்தொற்று உள்ளவர்கள் சுமார் 23 இலட்சம் பேர், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊசிவழி போதைமருந்து பயன்படுத்துவோர். இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து சேய் என்று கிருமிகள் வரும் வழிகள் பொதுவாக இருப்பதே காரணம். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸோ பெரும்பாலானோரிடம் ஓசையின்றி உறங்கிக்கிடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான ஹெச்.பி.வி.யின் உடன்தொற்று தரும் விளைவு கொடிது: எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு அதிகம்.

ஆகவே நோயாளியின் அட்டையில் வெறுமனே 'உடன்தொற்று உண்டு' என்று எழுதினால் போதாது, 'எச்.ஐ.வி.–ஹெபடைடிஸ் பி உடன்தொற்று' என்று கிருமிகளின் பெயர்களை முன்னே வைத்தே எழுதவேண்டும். ஏ.ஆர்.டி.யில் அன்றாடம் விழுங்கும் ஒரே மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டும் எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் சேர்த்தே அடக்குகின்றன. உடம்பு தேறிவிட்டது என்று அதை நிறுத்துபவருக்கு எச்.ஐ.வி. பெருகுவதோடு கல்லீரல் அழற்சியும் சீறி எழலாம். அட்டையில் இருப்பது 'சி' என்றால் செய்தி வேறு: அதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளில் அது முற்றிலும் குணமாகிவிடும்.