சோறு இறங்காத பிள்ளையும் ராத்திரிப் பால் பாட்டிலும்

“சோத்தைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கிறான் டாக்டர், பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுங்க.” காரைக்குடியில் குழந்தை மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளைப் பற்றி அதிகம் வரும் புகார் இதுதான். டானிக் பற்றிப் பேசுவதற்கு முன் பால் கணக்கைக் கேட்பேன். “காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்தான்” என்பார் தாய். கூட வந்திருக்கும் ஆச்சியைப் பார்த்து, “ராத்திரியில ஆச்சி?” என்று கேட்டால்தான் மீதி வெளியே வரும். பதினொரு மணிக்கு ஒரு பாட்டில், இரண்டு மணிக்கு ஒன்று, விடியும் முன் இன்னொன்று. கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டரை நெருங்கிவிடும்.

ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 650 கலோரி இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை சுமார் 1000. சர்க்கரையும் சேர்த்துக் கலக்கினால் காலையில் இட்லிக்கு வயிற்றில் இடம் எங்கே இருக்கும்? பிள்ளைக்குப் பசி கெடவில்லை. ராத்திரியே சாப்பிட்டு முடித்துவிட்டது.

இதில் எனக்குப் பெரிய கவலை இரத்தசோகை. பசும்பாலில் கால்சியமும் புரதமும் உண்டு, ஆனால் இரும்புச்சத்து லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மற்ற உணவில் வரும் இரும்பு உடம்பில் சேர்வதையும் அதிகப் பால் தடுக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இந்தப் பிள்ளைகள் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருப்பார்கள். “நல்ல வெள்ளையா இருக்கா, அவ அப்பத்தா மாதிரி” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. சோதித்தால் ஹீமோகுளோபின் 7, 8 என்று வரும். பத்தரைக்குக் கீழே போனாலே இந்த வயதில் குறைவுதான். மண்ணையோ, வளவு என்கிற வீட்டு முற்றத்துச் சுவரின் சுண்ணாம்பையோ சுரண்டித் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள். இரும்பு குறைந்த உடம்பும் அப்படித் தேடும். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஒரு வயது முடியும் முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம். சிறுநீரகத்துக்குச் சுமை, சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் வரும். ஒரு வயதுக்குப் பிறகு 350 முதல் 400 மில்லி போதும், எக்காரணம் கொண்டும் 500-ஐத் தாண்ட வேண்டாம். தயிரும் இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத பால் நல்லது. தண்ணீர் கலக்கத் தேவையில்லை, சர்க்கரையும் வேண்டாம். கறந்த வீட்டுப் பாலானாலும் பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்ற இதுவே சரியான வயது. தாலாட்டுக்குப் பதில் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்க வைத்தால் பால் பல்லில் தங்கி, மேல் முன்பற்கள் கறுத்து அரிக்கும். பால் பாட்டில்களுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

சரி, ராத்திரிப் பாலை எப்படி நிறுத்துவது? ஒரே நாளில் வேண்டாம். முதலில் பகல் சாப்பாட்டைச் சரி செய்யுங்கள்: பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சோறு, முட்டை, வேகவைத்து மசித்த ஈரல், கீரை, காரமில்லாத மீன், வெல்லமோ கருப்பட்டியோ போட்டுக் கிண்டிய உளுந்து இனிப்பான கும்மாயம். கூடவே நெல்லிக்காய்ச் சாறோ தக்காளியோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ மட்டும் வேண்டவே வேண்டாம். படுப்பதற்கு அரைமணி நேரம் முன் கடைசிப் பால், அப்புறம் பல் துலக்கல். பிறகு ஒவ்வொரு ராத்திரிப் பாட்டிலிலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறையுங்கள். 60-க்கு வந்ததும் அந்த வேளையை நிறுத்திவிடலாம். விழித்தால் தட்டிக் கொடுங்கள், தாகமென்றால் டம்ளரில் ஒரு வாய் தண்ணீர்.

முதல் சில நாள் அழும். பெரிய வீட்டில் பங்காளிகள் எல்லாம் கூடியிருக்கும்போது அழுகை வளவு முழுக்கக் கேட்கும், யாராவது ஒருவர் பாட்டிலோடு வந்துவிடுவார். அதனால் கல்யாணம், திருவிழா, காய்ச்சல், தடுப்பூசி, ஊர்ப் பயணம் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆச்சிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். “பிள்ளை பசியில வாடிப்போகும்” என்று அவர்கள் தவிப்பது பாசம்தான். ஆனால் பகலில் வயிறு நிறைந்த, வயதுக்கேற்ற எடையுள்ள பிள்ளைக்கு ராத்திரியில் பால் தேவையில்லை என்பதை எடுத்துச் சொன்னால் அவர்களே உங்கள் பக்கம் வருவார்கள்.

தாய்ப்பால் விஷயம் வேறு. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். தாய்க்குத் தூக்கமில்லாமல் உடம்பு தளர்ந்தால் ராத்திரி வேளைகளை மட்டும் மெல்லக் குறைக்கலாம். அந்த நாட்களில் அப்பாவோ ஆச்சியோ பக்கத்தில் படுத்துக்கொள்வது உதவும். வேப்பெண்ணெய் தடவி ஒரே ராத்திரியில் மறக்கடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பிள்ளை மிரளும், தாய்க்கு மார்பு கட்டி வலியும் காய்ச்சலும் வரும்.

எடை குறைந்த பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பை வாரம் இரண்டு முறை, ஒரு மில்லி வீதம் கொடுங்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் அது மருந்தின் நிறம்தான், பயந்து நிறுத்திவிட வேண்டாம்.