மீனைச் சுட்டார்கள், மீனவரைச் சுட்டார்கள்

பாம்பன் கரையில் ஒருவர் "மீனைச் சுட்டாக" என்று எழுதினால் அடுப்பும் தணலும் நினைவுக்கு வரும். "மீனவரைச் சுட்டாக" என்று எழுதினால் கரையே கலங்கிப்போகும். தமிழறிந்தவருக்கு இந்த வேறுபாடு நொடியில் விளங்கும். ஆனால் பெரிய சமூக ஊடகத் தளங்களில் ஒரு பதிவை விட்டுவைப்பதா நீக்குவதா என்று பெரும்பாலும் முதலில் எடைபோடுவது கணினி நிரல்தான்.

நிரல் வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் எண்வரிசையாக மாற்றுகிறது. பிறகு, "வன்முறை", "வன்முறையல்ல" என்று மனிதர்கள் குறித்துக்கொடுத்த ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றதை வைத்து 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பைத் தருகிறது. தளம் வகுத்த வரம்பை அம்மதிப்பு தாண்டினால் பதிவு மறைக்கப்படும், அல்லது மனிதப் பார்வைக்கு அனுப்பப்படும். வரம்பைத் தாழ்த்தினால், கண்ணி சிறுத்த வலையில் குஞ்சு மீனும் சிக்குவதுபோல, நியாயமான பேச்சும் அகப்படும். உயர்த்தினால் மிரட்டலும் வதந்தியும் தப்பிவிடும். இரு பிழையும் இல்லாத வரம்பு கிடையாது.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் கற்பதற்கான எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு. சுட்டுவிட்டார்கள், சுட்டுட்டாங்க, சுட்டுப்புட்டாக என்பவை நமக்கு ஒரே செய்தி. நிரலுக்கோ வெவ்வேறு துண்டுகள். தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதும்போது சிக்கல் இன்னும் பெருகுகிறது.

படத்திலும் இதே நிலைதான். நடுக்கடலில் அடிபட்டுத் திரும்பியவரின் முதுகுக் காயத்தை, நீதி கேட்டு அவருடைய உறவினர் வெளியிடுவதாகக் கொள்வோம். பட நிரல் காண்பது தோலின் பிளவையும் ரத்தச் சிவப்பையும் மட்டுமே. வன்முறையைக் கொண்டாடும் படத்திலும் அவையே இருக்கும். எதற்காக வெளியிட்டார் என்பது படப்புள்ளிகளில் பதிவதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. அதன்படியே 2015-இல் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது. தளங்கள் தம் சொந்த விதிப்படி நீக்குவது வேறு. ஆயினும் பெரிய தளங்கள் தாமாக நீக்கும்போது காரணம் சொல்லவும், மறுத்துரைக்க வாய்ப்பளிக்கவும் அச்சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த 2021 விதிகள் கோருகின்றன. அந்த மறுப்பைப் படிப்பவருக்கு எங்கள் கரைப்பேச்சு புரிந்தால்தான் அந்த வாய்ப்புக்குப் பயன் உண்டு. தமிழ்ப் பதிவுகளில் தவறாக நீக்கியவை எத்தனை, திருப்பித் தந்தவை எத்தனை என்பதையும் தளங்கள் தனியே வெளியிட வேண்டும் என்பேன். மீனவர் வேலைநிறுத்த நாளில் மறைந்த பதிவு, படகுகள் மறுபடி கடலுக்குப் போன பின்பு திரும்பி வந்தால், அதிகாரிகள் அதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் கடந்திருக்கும்.