கன்சர்வேஷன்: பாதுகாப்பா, பேணலா?

நீலக்குறிஞ்சியைப் பற்றி எழுதுவோர் 'குறிஞ்சிப் பாதுகாப்பு', 'புல்வெளிப் பாதுகாப்பு', 'பல்லுயிர்ப் பாதுகாப்பு' என்று ஒரே சொல்லையே அடுக்கிக்கொண்டு போகிறார்கள். 'கன்சர்வேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அது நிகரான சொல் அன்று என்பது என் துணிபு.

மூலம் இலத்தீன். 'செர்வாரே' என்பது கெடாமல் வைத்திருத்தலைக் குறிக்கும். 'கான்' என்னும் முன்னொட்டு அதற்கு அழுத்தம் சேர்க்கிறது. 'பாதுகாப்பு' என்பதற்கு நேரான 'புரொடெக்‌ஷன்' வேறொரு வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் முன்னால் மறைத்து மூடுதல்.

பாதுகாப்பு அமைச்சகம், பாதுகாப்புப் படை, பாதுகாப்புப் பெட்டகம் என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடர்களில் எல்லாம், வெளியே ஒரு பகைவனோ திருடனோ இருக்கிறான் என்ற எண்ணம் உள்ளடங்கியிருக்கிறது. குறிஞ்சிக்கும் அப்படிப்பட்ட பகை உண்டுதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிந்துபோகும் செடி அது. 2006-இலும் 2018-இலும் கேரளத்தின் மூணாறு, இரவிகுளம் பக்கம் பூத்தது. பூத்த கிளையை ஒடித்துச் செல்பவர் அச்செடியின் ஒரே விதைப்பருவத்தையே ஒடித்துச் செல்கிறார். அதைத் தடுக்கத்தான், 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டது. அங்கே 'பாதுகாப்பு' மிகச் சரி. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது 'புரொடெக்‌ஷன்' தான்.

ஆனால் ஒருவரும் பறிக்காத சரிவிலும் குறிஞ்சி அழிகிறது. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம், நீலகிரியில் சீகை என்று வழங்குவது, குறிஞ்சி வளரும் மலைப் புல்வெளிக்குள் பரவி நிழலால் அதை மூடிவிடுகிறது. மரத்தை வெட்டினாலும் முடிவதில்லை. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் விதைகள் வெயில் பட்டதும் பாய் விரித்தாற்போல முளைக்கின்றன. அந்த இறகிலைக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே சரிவுக்கு ஆள் போக வேண்டும். வேலி போட்டுக் காவலுக்கு ஆள் நிறுத்துவதால் இதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த வேலைக்குத் தமிழில் பேணல் என்று பெயர்.

இரண்டும் ஒன்றுதானே என்பாருக்குக் குறளையே காட்டலாம். 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணித் தகைசான்ற சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்னும்போது, தன்னையும் சொல்லையும் காக்கச் சொல்லும் வள்ளுவர், உடன் வாழும் ஆளை மட்டும் பேணச் சொல்கிறார். அக்குறளின் குடும்ப நெறி இன்று ஏற்கத்தக்கதா என்பது வேறு வழக்கு. சொல்லாட்சி தெளிவாக இருக்கிறது.

'பராமரிப்பு' என்று சிலர் எழுதுவதை வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. மின்தூக்கிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒப்பந்தம் போடும் சொல்லாக அது தேய்ந்துவிட்டது, அவ்வளவே. 'பேணல்' நோயாளியைக் கவனிப்பது போல ஒலிக்கிறது என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு, நீலக்குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனமாக 2024-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் பன்னாட்டுச் செம்பட்டியல் வகைப்படுத்தியதை நினைவூட்டலாம். அப்படி ஒலிப்பதில் குற்றம் என்ன?

வனத்துறைப் பதவிப் பெயர்களில் குழப்பம் இன்னும் வேடிக்கையானது. ஃபாரஸ்ட் கார்டு 'வனக்காப்பாளர்', வாட்சர் 'வனக்காவலர்', கன்சர்வேட்டர் 'வனப் பாதுகாவலர்'. மூவர் வேலையும் வெவ்வேறாக இருக்க, தமிழில் மூவரையும் காவலுக்கு நிறுத்தியாயிற்று. கடைசியவரை 'வனம் பேணுநர்' என்றால் என்ன குறைந்துவிடும்? இயற்பியலில் வரும் ஆற்றல் மாறாக் கோட்பாட்டிலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே 'பேணல்' பொருந்தாது, பொருத்தவும் வேண்டாம். ஒரு செடி பிழைத்திருக்க ஆண்டுதோறும் ஒருவர் உழைக்க வேண்டியிருக்கும் இடத்தில், 'குறிஞ்சி பேணல்', 'புல்வெளி பேணல்' என்றே எழுதலாம்.