அடுக்குமாடியில் ஊருக்கான தோட்டம்: ஓ.எஸ்.ஆர் விதி என்ன சொல்கிறது?

சென்னையில் புது ஃபிளாட் பார்க்கப் போனால் வரைபடத்தின் ஒரு மூலையில் பச்சை அடித்து 'ஓ.எஸ்.ஆர்' (Open Space Reservation, திறந்தவெளி ஒதுக்கீடு) என்று எழுதியிருப்பார்கள். "அது நம்ம பார்க் சார்" என்று சொல்லி விற்பவர் அடுத்த பக்கம் போய்விடுவார். வாங்குபவரும் தலையாட்டுவார். அந்தப் பச்சைக் கட்டம் யாருக்குச் சொந்தம், எதற்காக விடப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல சண்டைகள் வராமலே போகும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் இருக்கிறது இந்த நிபந்தனை. சென்னைப் பெருநகரத் திட்டமிடலில் அதற்கு முன்பிருந்தே உண்டு. பெரிய மனையில் கட்டுபவர், மனையில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் இலவசமாக உள்ளாட்சி அமைப்பிடம் அல்லது திட்ட அனுமதி தரும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே தெருவில் வந்து குடியேறும்போது அந்தப் பகுதியின் மூச்சுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதுதான் காரணம்.

எவ்வளவு என்பது மனையின் அளவைப் பொறுத்தது. 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 13 கிரவுண்டு வரை, எதுவும் ஒதுக்க வேண்டாம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை கட்டுபவருக்கு இரண்டு வழி. சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைக் கொடுக்கலாம். இல்லையென்றால், முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துவிட்டு மிச்சத்தில் அதே 10 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டு, பதிவுத்துறை மதிப்பின்படி பணம் கட்டலாம். நிலமாகக் கொடுத்தால் அது 100 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அகலமும் 10 மீட்டருக்குக் குறையக்கூடாது. மதிலோரம் நீளமான சந்தாக இடம் விட்டுவிட்டு 'பார்க்' என்று பெயர் வைக்க முடியாது.

10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சுமார் இரண்டரை ஏக்கர், பேச்சே கிடையாது. புதிதாகக் கட்டினாலும் இடித்துக் கட்டினாலும் 10 சதவீதத்தை நிலமாகத்தான் தர வேண்டும். 12,000 சதுர மீட்டர் மனை என்றால் 1,200 சதுர மீட்டர், ஐந்து கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேல். நடுத்தர மனைகளுக்குப் பணம் கட்டும் வழியை வைத்தது எனக்கு உடன்பாடில்லை. பணம் கஜானாவுக்குப் போகும், அந்தத் தெருவில் ஒரு மரம்கூட அதிகமாகாது.

நிலத்தைச் சும்மா கொடு என்பது சொத்துரிமையைப் பறிப்பது ஆகாதா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னை அடுக்குமாடி ஒன்றின் உரிமையாளர் சங்கம் தொடர்பான வழக்கில், 2023 பிப்ரவரியில், விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கட்டுபவருக்கும் இதில் முழு இழப்பு இல்லை. மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ), தானமாகக் கொடுத்த நிலத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் கட்டக்கூடிய பரப்பு குறைவதில்லை.

இனி வடிவமைப்புக்கு வருவோம். என் பார்வையில் விதியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் வீடு கட்டுவது அழகான யோசனைதான். நம் முற்றத்து வீடுகளின் நினைவும் அதில் உண்டு. ஆனால் ஓ.எஸ்.ஆர் நிலம் தரைமட்டத்தில், பொதுச் சாலையை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் அதற்குப் போகப் பொதுப் பாதையும் விட்டாக வேண்டும். அதன்மேல் கிளப் ஹவுஸ் கட்டக்கூடாது. கார் நிறுத்துமிடத்தையோ, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய பக்க இடைவெளியையோ இதில் சேர்த்துக் காட்டவும் கூடாது. தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய அந்த இடைவெளியில் மரம் வைக்கவும் இடமிருக்காது.

ஆகவே நல்ல கட்டடக் கலைஞர் இரண்டு தோட்டங்களாக யோசிப்பார். வீட்டுக்காரர்களுக்கு நடுமுற்றம், தெருவுக்கு முன்தோட்டம். சாலைப் பக்கம் உயரமான மதிலுக்குப் பதில் புங்கை, பூவரசு, வேம்பு நிழல், உட்கார ஒரு திண்ணை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் ஒதுங்க இடம். அடுக்குமாடிக் கட்டடத்தைத் தெருவிலிருந்து பின்னால் தள்ளினால் எதிரே இருக்கும் ஓட்டு வீட்டுக்கும் வெளிச்சம் கிடைக்கும். அடியில் பேஸ்மென்ட் இல்லாத மண் என்பதால் வேர் இறங்கும், மழைநீரும் இறங்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, வேர் இறங்க மண் வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை சில. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஓ.எஸ்.ஆர் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானது தெரியும். அப்புறம், மிக முக்கியமாக, உங்கள் பிரிபடாத பங்கு (யு.டி.எஸ், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு) எந்த மொத்தப் பரப்பிலிருந்து கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். தானமாகப் போன நிலத்தையும் சேர்த்துப் பங்கு எழுதியிருந்தால், இல்லாத மண்ணை உங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குடியேறிய பிறகு பூங்காவைப் பராமரிக்கச் சங்கம் அனுமதி கேட்கலாம், விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நிலத்தின் உரிமை உள்ளாட்சியிடம்தான் இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதால் அது சங்கத்தின் சொத்தாகிவிடாது. அக்கம்பக்கத்துக்காரரும் கேட்கலாம்: பக்கத்து வளாகத்தின் ஓ.எஸ்.ஆர் நிலத்தில் கொட்டகையோ பார்க்கிங்கோ முளைத்திருந்தால், சென்னையில் 1913 எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லலாம். தானப் பத்திரத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கலாம். அதற்கு அந்த வளாகத்தில் உங்களுக்கு வீடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.