மண்சட்டியா, இரும்புச் சட்டியா: யூரோப்பாவின் கடலைக் கண்டுபிடித்த கதை

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் அடுப்படிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. அதன்மேல் மண்சட்டியை வைத்தால் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோகும் என்பது எல்லா ஆச்சிமாருக்கும் தெரியும். இரும்புச் சட்டி என்றால் மறுபேச்சில்லாமல் சூடாகும். அடுப்பின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள், விடாமல் திசை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த மாற்றம் மின்சாரம் கடத்தும் பொருளுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். மண்ணில் அது ஓடாது. தூண்டப்பட்ட மின்னோட்டம் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்கு ஓர் எதிர்க் காந்தப்புலத்தையும் கிளப்பும். அதை அளந்தாலே மேலே இருப்பது எந்தச் சட்டி என்று சொல்லிவிடலாம்.

மார்கரெட் கிவெல்சன் இந்த விதியைக் கொண்டுதான் வியாழனின் நிலவான யூரோப்பாவுக்குள் கடல் இருப்பதைக் காட்டினார். 1928இல் பிறந்த அவர், வியாழனைச் சுற்றி ஆராய்ந்த கலிலியோ விண்கலத்தின் காந்தமானிக் (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) குழுவுக்குத் தலைவராக இருந்தவர்.

இங்கே அடுப்பு, வியாழன். அதன் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு அது 10 மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழன்றுவிடுவதால், யூரோப்பா உணரும் காந்தப்புலத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகத் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. யூரோப்பாவின் மேற்பரப்பில் இருக்கும் கெட்டிப் பனிக்கட்டி மண்சட்டி மாதிரி, மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. உப்புநீர் கடத்தும், அதில் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) தாராளமாக நகரும். (அயனிகளின் நடமாட்டத்தையே தொழிலாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது.)

யூரோப்பாவை நெருங்கியபோது கலிலியோவின் காந்தமானி ஒரு கூடுதல் புலத்தைப் பதிவு செய்தது. கடல் என்று உடனே அறிவித்திருக்கலாம். கிவெல்சன் அவசரப்படவில்லை, ஏனென்றால் அதற்கு இன்னொரு விளக்கமும் பொருந்தியது: யூரோப்பாவுக்கே சொந்தமாக நிலைக்காந்தம் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, வியாழனின் புலம் எதிர்த்திசைக்கு மாறியிருக்கும் நேரமாகப் பார்த்து மறுபடி போவது. நிலைக்காந்தம் என்றால் திசை மாறாது. தூண்டப்பட்ட புலம் என்றால் அதுவும் கூடவே திரும்பும். 2000 ஜனவரி 3 அன்று கலிலியோ யூரோப்பாவிலிருந்து 351 கி.மீ. தொலைவில் கடந்தது. புலம் திரும்பியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம், கண்டுபிடிப்பைவிட, அந்தக் காத்திருப்புத்தான்.

அளந்த புலமோ மிக நுண்ணியது. காரைக்குடியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). யூரோப்பாவில் திசை மாறும் பகுதி 200 அளவில்தான். விண்கலத்தின் மின்சுற்றுகளே காந்தப்புலம் உண்டாக்குவதால், காந்தமானியை நீண்ட கையொன்றின் நுனியில் தள்ளி வைப்பார்கள். செங்கோட்டைக்காரரான நிகார் ஷாஜியைத் திட்ட இயக்குநராகக் கொண்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்திலும் அப்படி 6 மீட்டர்க் கை உண்டு. அதில் 3 மீட்டரில் ஓர் உணரி, நுனியில் இன்னொன்று. விண்கலத்தின் சொந்தப் புலம் தூரம் போகப்போக வேகமாகக் குறையும். வெளிப்புலம் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு அசலைப் பிரித்தெடுக்கலாம்.

சனியின் நிலவான என்செலடஸில் நடந்தது வேறு. 2005இல் காசினி விண்கலம் அதைக் கடந்தபோது, சனியின் காந்தக்கோடுகள், வாயுமண்டலம் ஒன்று தடுப்பதுபோல, எதையோ சுற்றி வளைந்து போவதை மிஷேல் டோகர்ட்டியின் காந்தமானிக் குழு கவனித்தது. 500 கி.மீ. குறுக்களவே உள்ள உருண்டைக்கு ஏது வாயுமண்டலம்? அடுத்த முறை நெருங்கிப் போயே ஆகவேண்டும் என்று டோகர்ட்டி வாதாடினார். ஜூலையில் காசினி சுமார் 170 கி.மீ. வரை இறங்கியது, தென்துருவத்திலிருந்து நீராவி பீறிடுவது தெரிந்தது. பள்ளியில் இயற்பியல் படிக்காமலேயே பல்கலைக்கழகம் போனவர் டோகர்ட்டி.

யூரோப்பாவில் ஒரு சிக்கல் மிச்சம். உப்பு அதிகமுள்ள ஆழமற்ற கடலும், உப்பு குறைந்த ஆழமான கடலும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்புலத்தையே தரும். 2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை ஏறத்தாழ 50 முறை கடந்து செல்லும். 11 மணி நேர மாற்றத்தோடு, யூரோப்பா வியாழனைச் சுற்றிவரும் 85 மணி நேரத்தில் நிகழும் மெதுவான மாற்றத்தையும் அது பிரித்து அளக்கும். மெதுவான மாற்றம் கடலுக்குள் அதிக ஆழம் ஊடுருவும். இரண்டு விடையும் கையில் இருந்தால் ஆழத்தையும் உப்பையும் தனித்தனியே கணக்கிடலாம்.