துரத்துபவன் ஏன் எட்டிப் பிடிப்பதில்லை?

ஏழு அக்காள் தங்கைகள் ஓடுகிறார்கள், ஒருவன் துரத்துகிறான். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் கதை இது. பிட்ஜன்ட்ஜாரா மொழி பேசுவோர் அவனை வாட்டி ஞீரு என்கிறார்கள். உருமாறத் தெரிந்தவன். பெண்கள் பசித்து வரும் வழியில் கம்புரார்பா பழமாகிக் காத்திருப்பான். களைத்து வந்தால் இலி மரமாக நிழல் விரிப்பான். அவர்கள் ஏமாறுவதில்லை. கடைசியில் வானத்துக்கே தப்பிப் போகிறார்கள். நாம் கார்த்திகை என்கிற விண்மீன் கூட்டம் அவர்கள்தான். அவன் ஓரையன் என்ற விண்மீன் கூட்டமாகப் பின்னாலேயே வருகிறான்.

அந்தப் பழமும் மரமும் சும்மா வந்தவை அல்ல. கம்புரார்பா கத்தரிக் குடும்பத்துக் குறுஞ்செடி. மழைக்கும் காட்டுத்தீக்கும் பிறகு செழிக்கும். பழம் செடியிலேயே காய்ந்து உலர்திராட்சை போலச் சுருங்கிவிடுவதால், பறித்து நாள்பட வைத்துக்கொள்ளலாம். இலி, பாறை இடுக்கில் வேரிறக்கும் காட்டு அத்தி. வெட்டவெளியில் நடப்பவருக்கு நிழலும் தீனியும் ஒரே இடத்தில். கதையின் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு நீர்க்குழியோடு, ஒரு பாறையோடு கட்டப்பட்டிருக்கிறது. பாட்டை வரிசை மாறாமல் பாடத் தெரிந்தவருக்கு வழியும் தெரியும்.

வானத்துப் பகுதியும் கச்சிதமானது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்வதாகத் தெரிகிறது. கார்த்திகை உதித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஓரையன் எழும். இருவருக்கும் ஒரே வேகம், அதனால் இடைவெளி குறைவதே இல்லை. எத்தனை இரவு துரத்தினாலும் அதே கதிதான்.

இதையெல்லாம் அருங்காட்சியகச் சுவரில் ஒரு படமாக மாட்டினால் என்ன மிஞ்சும்? தெற்கு ஆஸ்திரேலியாவில் வாலிஞங்கா என்ற குகை இருக்கிறது. இந்தக் கதையின் பாறை ஓவியங்கள் அதன் கூரையில் இருக்கின்றன. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். 2017இல் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் இந்தக் கூரை ஒரு குவிமாடத்தின் உட்புறத்தில் விரிந்தது. கூடவே கார்த்திகையும் ஓரையனும் நகரும் வானமும்.

குவிமாடத்தில் படம் காட்டுவது பெரிய தலைவலி. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் தட்டையாக அழுத்தினால் கிழியும். இங்கே அதன் தலைகீழ்ச் சிக்கல்: தட்டையான படத்தைக் கிண்ணத்துக்குள் ஒட்ட வேண்டும். அதற்காகப் படத்தை முதலில் ஒரு வட்டமாக்குகிறார்கள். வட்டத்தின் நடுதான் தலைக்கு நேர்மேல் உள்ள உச்சி, அதன் விளிம்புதான் தொடுவானம். வளைவில் விழும்போது எப்படிக் கோணலாகுமோ அதைக் கணித்து, கணினி முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்புகிறது.

ஒரே புரொஜெக்டர் போதாதபோது பலவற்றை வைப்பார்கள். இரண்டின் ஒளி மேற்கவியும் பட்டையில் வெளிச்சம் இரட்டிப்பாகி வெள்ளைத் தழும்பு போலத் தெரியும். ஆகவே அந்தப் பட்டையில் ஒன்று மெல்ல மங்க, மற்றது அதே அளவுக்கு ஏற வேண்டும். கூட்டினால் எப்போதும் ஒன்று. இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: இத்தகைய திரைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளை அடிப்பதில்லை, சாம்பல் நிறம்தான். வெள்ளையாக இருந்தால் ஒரு பக்கத்து வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் தெறித்து, இரவு வானம் வெளிறிப்போகும்.

மற்றதை நம் மூளை பார்த்துக்கொள்ளும். ஓரக்கண் முழுக்கக் காட்சி நிறைந்து நகர்ந்தால், அசையாமல் கிடப்பவருக்கும் தாமே நகர்வதாகத் தோன்றும். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பியதாக ஏமாறுகிறோமே, அதே சங்கதி.

எதைக் காட்டலாம், எது வெளியாருக்கு இல்லை என்பதில் மட்டும் கணினிக்கு வேலையில்லை. அது அந்தந்த நிலத்து முதியவர்களின் முடிவு. துண்டுதுண்டாகிக்கொண்டிருந்த பாடல்வழிகளை ஒன்றுசேர்க்க உதவுங்கள் என்று ஆய்வாளர்களிடம் முதலில் கேட்டவர்களும் அவர்களே. குவிமாடத்தோடு, காய்ந்த புல்லைச் சுற்றிப் பின்னிய அக்காள் தங்கைகளும் அங்கே பறந்தார்கள். பாலைநிலத்துப் பெண்களின் கைவேலை அது.

கண்காட்சி 2022இல் பெர்லினுக்குப் போனது. அங்கே குளிர்கால இரவில் தெற்கே பார்த்தால் அதே கார்த்திகையும் ஓரையனும் தெரியும். ஆனால் துரத்தல் இடமிருந்து வலமாகப் போகும். மத்திய ஆஸ்திரேலியாவில் வடக்கே பார்த்து நிற்பவருக்கு அவர்கள் வலமிருந்து இடமாக ஓடுவார்கள், ஓரையன் தலைகீழாக.